மூன்றாவது அறையில் வெளுத்த பட்டு

"ஏம்மா, உன்கிட்ட கேஸ் கொடுத்தவங்கள்ல ஒருத்தராவது சிரிச்சிக்கினே வீட்டுக்குப் போயிருக்காங்களா?"

ஒரு ஏட்டையா எப்போதோ கமலவேணியிடம் இப்படிக் கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். அவள்தான் மெனக்கெட்டு யோசித்தாள். பதினொரு வருஷத் துப்பறியும் தொழிலில் ஒரே ஒருத்தர் தேறினார். ஏனாத்தூரில் காணாமல் போன எருமையைத் திரும்பப் பெற்ற பால்காரர். அந்த எருமையும் அடுத்த மாதமே செத்துப்போனது.

இந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் நின்றிருந்தது ஒரு கழிப்பறை வாசலில். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்காரர்கள், புடவை எடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்காகச் சேர்ந்து கட்டியது. தலைக்கு மேலே பெரிய போர்டு. 'மனிதக் கை படாத கழிப்பறை. சுத்தமும் மணமும் தானியங்கி.'

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கை படாத இந்த இடத்தில்தான் மரியம்மாள் செத்துக் கிடந்தாள். பெண்கள் பக்கம், மூன்றாவது அறை, உள்ளே தாழ்ப்பாள். பக்கத்தில் பாதி காலியான ஆசிட் பாட்டில். கதவை உடைத்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்களாம். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் வரும் புகை அது. இரண்டையும் கலந்தது மரியம்மாளேதான் என்று விசாரணை ஆபீஸர் முடிவு கட்டிவிட்டார். 'சொந்தக் கவனக்குறைவால் மரணம்.' இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அதில் கையெழுத்து விழப்போகிறது.

முந்தின நாள் மரியம்மாளின் மகள் சுகாசினி ஆபீஸுக்கு வந்து அழாமல் பேசினாள்.

"பத்தொம்போது வருசமா கக்கூஸ் கழுவினவங்க மேடம் எங்கம்மா. ஆசிட் வச்ச மூலையில பிளீச்சிங்க வைக்க மாட்டாங்க. ரெண்டையும் ஒரே பையிலகூடத் தூக்கிக்கினு வர மாட்டாங்க. அவங்க கலந்தாங்களாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எங்கம்மா தன் முட்டாள்தனத்தால செத்தான்னு காயிதத்துல எழுதக் கூடாது. அவ்ளோதான்."

அவள் புருஷன் டேனியல் கதவோரம் உட்கார்ந்திருந்தான். மெஷின் ரிப்பேர் வேலை என்று சுகாசினிதான் சொன்னாள். அவன் காபியைத் தொடவேயில்லை.

"மேடம், போர்டைப் பார்த்தீங்களா? கையே படாதாம். அப்ப வர்றவங்க எப்படித்தான்..."

"யேசு!"

கழிப்பறை வாசலில் அவளோடு நின்ற யேசுதாஸ் வாயை மூடிக்கொண்டான். கமலவேணியின் உதவியாளன். ஐம்பதை நெருங்கியவன். ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோவை விற்றுவிட்டு அதில் கற்ற வாயை மட்டும் வைத்துக்கொண்டவன்.

மேனேஜர் பூவராகவன் சாவிக்கொத்தோடு வந்தார். தும்பைப்பூ மாதிரி சட்டை. அவரே முன்னால் நடந்து பெண்கள் பக்கத்தைத் திறந்துவிட்டார். மூன்றே அறைகள். ஒவ்வொன்றிலும் பின்சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியின் நடுவில் கறுப்பாக ஒரு கண்ணாடிப் பொட்டு.

"இதான் மேடம் கண்ணு. ஆள் வந்தா பார்க்கும். எழுந்தா பார்க்கும். உடனே மேலேர்ந்து மருந்து தூவும், தண்ணி தானா ஊத்தும். மனுசங்க கிட்டவே போவ வேணாம்."

யேசுதாஸ் முதல் அறைக்குள் போய்க் குனிந்து நிமிர்ந்தான். உஸ்ஸென்று அவன் கழுத்தில் லாவண்டர் வாசனை இறங்கியது.

"கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்குது மேடம். ரெண்டு கற்கண்டும் கொடுத்தாங்கன்னா மொய் எழுதிட்டுப் போவலாம்."

கமலவேணி அவனைக் கவனிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அறைப் பீங்கானில் மஞ்சள் படிவு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதன் உடைந்த கதவைத் திறந்தபடியே ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பீங்கான் கண்ணைக் கூசும் வெள்ளை.

"மூணு அறைக்கும் ஒரே மெஷின்தானே சார்?"

"ஒரே மெஷின்."

"அப்ப இது மட்டும் எப்படிப் பளிச்சுன்னு இருக்குது?"

பூவராகவன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அதான் மேடம், அந்தம்மா ஆசிட் ஊத்தியிருக்கு. யாரு ஊத்தச் சொன்னாங்க? அவங்க வேலை ஈரம் துடைக்கிறது, டிக்கெட் கிழிக்கிறது. கையால கழுவக் கூடாதுன்னு கடைக்காரங்களோட ஸ்ட்ரிக்ட் ஆர்டர்."

மரியம்மாள் கடைசி அறையிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மற்ற இரண்டுக்கும் அவள் வந்து சேரவில்லை. திருட்டு வேலை மாதிரி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழுவியிருக்கிறாள்.

கமலவேணி அந்தக் கதவின் உள்பக்கத்தைத் தடவினாள். தாழ்ப்பாளுக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் யாரோ அழுத்தி எழுதியிருந்தார்கள்.

'பட்டு கட்டிக்கினு இந்த கக்கூஸுக்குள்ள வராதீங்க. என் புடவை நாசமாப் போச்சு.'

"சார், இந்தப் பெட்டிக்குள்ள இப்ப இருக்கிற கேன் என்னைக்கு மாட்டினது?"

"சனிக்கிழமை. புதுசு. பழசைக் கம்பெனி எடுத்துக்கினு போயிட்டாங்க."

"பழசுலயும் லாவண்டர்தானா?"

"வேற என்ன இருக்கும்?" என்றார் பூவராகவன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

வெளியே வந்ததும் யேசுதாஸ் சொன்னான். "பழைய கேன் போச்சு. கதையும் போச்சு."

"கேன் போனா போவட்டும். புடவை எங்க போவும்?"

"எந்தப் புடவை?"

"நாசமாப் போன புடவை. பட்டு கெட்டுப்போனா யாரு சும்மா விடுவாங்க? கடைக்காரன் மூஞ்சில வீசுவாங்க. கடைக்காரன் நெய்தவன் மூஞ்சில வீசுவான்."

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு புடவை திரும்பி வந்தால், வாங்கின காபி ஆறுவதற்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். கமலவேணி அந்தத் தெருக்களில் வளர்ந்தவள். இரண்டு பேரிடம்தான் விசாரித்தாள். மூன்றாவது ஆள் கேட்காமலே கை நீட்டி வீட்டையே காட்டிவிட்டார்.

திருஞானசம்பந்தம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை இல்லை. வெறும் தறியில்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார்.

"புடவையைப் பார்க்கணுமா? யாரு அனுப்பினது, கடைக்காரனா?"

"இல்லைங்க பெரியவரே. ஒரு அம்மா செத்துப்போயிட்டாங்க. அதுக்காக வந்தோம்."

 அவர் உத்தரத்தில் தொங்கின மஞ்சள் பையை இறக்கினார். அரக்குச் சிவப்பில் அருமையான புடவை. பின்பக்கம் இடுப்புக்கு மேலேயிருந்து முழங்கால் வரைக்கும் பொட்டுப் பொட்டாக வைக்கோல் நிறம். ஒரு பொட்டில் அவர் விரலை வைத்து அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

"சாயம் சரியில்லன்னுட்டான். இனிமே உனக்குப் பாவு கிடையாதுன்னுட்டான். முப்பத்தாறு வருசம் ஒரே கடைக்கு நெய்றேன்மா."

"எப்பத் திரும்பி வந்துது?"

"போன வாரம் புதன்கிழமை. திங்கட்கிழமை முகூர்த்தத்துக்குக் கட்டிக்கினு, அடுத்த புடவை எடுக்க அப்படியே கடைக்கு வந்திருக்காங்க. வந்த இடத்துல இப்படி ஆச்சாம்."

யேசுதாஸ் விரல் விட்டு எண்ணினான். "திங்கள் கறை. புதன் வாபஸ். வெள்ளி சாவு."

"செத்துப்போன அந்தம்மா ஆசிட் ஊத்தினதால இப்படி ஆயிருக்குமோ?" என்று வேண்டுமென்றே கேட்டாள் கமலவேணி.

பெரியவருக்குக் கோபம் வந்தது. "ஆசிட்டா? பட்டுக்குச் சாயம் ஏத்துறதே ஆசிட் தண்ணியிலதாம்மா. நாங்க ஆசிட்டைப் பார்த்து பயப்பட மாட்டோம். பட்டுக்கு ஒரே எமன்தான். பிளீச்சிங். சாயக்காரன் வீட்டு வாசப்படிக்குள்ள அந்தப் பவுடரை விட மாட்டான்."

"காட்ட முடியுமா?"

ஒவ்வொரு பாவு அறுத்ததும் மிஞ்சுகிற இழையில் ஒரு பிடியைச் சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டிவைப்பது அவர் வழக்கம். அந்தப் புடவையின் மிச்ச இழையை எடுத்து வந்தார். பாதியைச் சாயக்காரரிடமிருந்து வாங்கிய ஆசிட் தண்ணீரில் போட்டார். இன்னொரு பாதியை, யேசுதாஸ் முக்குக் கடையில் வாங்கிவந்த பிளீச்சிங் தண்ணீரில் போட்டார். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் தெருவிலேயே வைத்துத்தான் செய்தார்.

ஒரு டீ குடிக்கிற நேரம். முதல் இழை அப்படியே சிவப்பாக இருந்தது. இரண்டாவது வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. இழுத்ததும் சத்தமில்லாமல் அறுந்தது.

"அந்தம்மா தரையில பிளீச்சிங் ஊத்தியிருந்தாங்கன்னு வச்சுக்குவோம்" என்றாள் கமலவேணி. "அப்ப புடவைக்கு என்ன ஆயிருக்கும்?"

யேசுதாஸ் புடவையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு குந்தினான். பெரியவர் "ஐயையோ, எழுந்திருப்பா!" என்று பதறினார்.

"இருங்க பெரியவரே, கேஸ் குந்தினாத்தான் நிக்கும். தரையில ஊத்தியிருந்தா கீழ்க்கரைதானே நனையும் மேடம்? கரை நல்லா இருக்குது. பொட்டெல்லாம் முதுகுப்பக்கத்துல, மேலேர்ந்து விழுந்திருக்குது. பன்னீர் தெளிச்ச மாதிரி."

சொல்லிவிட்டு அவனே எழுந்துவிட்டான். காலையில் தன் கழுத்தில் விழுந்த தூறலை அவன் கை தானாகத் துடைத்தது.

பெட்டிக்குள் இருந்தது லாவண்டர் இல்லை. மரியம்மாள் சாவதற்கு நாலு நாள் முன்பே அதற்குள் பிளீச்சிங் தண்ணீர் இருந்திருக்கிறது. அவள் ஆசிட்டை மட்டும்தான் கொண்டுபோனாள். குனிந்து தேய்த்தாள். நிமிர்ந்தாள். கண் அவளைப் பார்த்தது, தூவியது.

புடவை எந்தத் தேதியில் திரும்பி வந்தது என்று பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையை நீட்டும்போது, "என் சாயத்து மேல தப்பு இல்லன்னும் அங்க சொல்லும்மா" என்றார்.

இரண்டரை மணிக்குப் பூவராகவன் டிக்கெட் கவுன்டரில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமலவேணி புடவையை மேஜைமேல் பிரித்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"லாவண்டருக்குப் பதிலா பிளீச்சிங்க ஊத்திட்டு, செத்த பொம்பளை மேல பழியைப் போட்டீங்க. அதானே சார்?"

"கர்த்தர் சாட்சியா நான் இல்ல மேடம்."

"நீங்க பெருமாள் பேரை வச்சுக்கினு எங்க கர்த்தரை ஏன் சார் கூப்பிடுறீங்க?" என்றான் யேசுதாஸ்.

பூவராகவன் எச்சில் கையைக் கழுவினார். போனை எடுத்து வரிசையாகக் காட்டினார். 'லாவண்டர் கேன் தீர்ந்துவிட்டது, அனுப்பவும்.' 'ஒரு மாசமாக நாற்றம், புகார் வருகிறது, அனுப்பவும்.' கம்பெனியிலிருந்து ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 'விரைவில்.'

"கடைக்காரங்க வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க. மஞ்சள் தெரியக் கூடாது, நாத்தம் வரக் கூடாதுன்னுதான் நான் மரியம்மாகிட்ட சொன்னேன். எப்படின்னு நான் கேட்டதில்ல. இன்னொரு புகார் வந்தா நீ வேணாம்னு சொன்னேன். அது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா பெட்டியை நான் தொட்டதே கிடையாது. என் கொத்துல அதுக்குச் சாவியே இல்ல, பாருங்க. முக்கோணமா ஒரு தனிச் சாவி. அது மெஷின் பார்க்க வர்ற பையன்கிட்ட மட்டும்தான் இருக்குது."

"யாரு அவன்?"

பூவராகவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? மரியம்மா மருமவன். டேனியல்."

யேசுதாஸ் புடவையை மடிக்க ஆரம்பித்தான்.

விசாரணை ஆபீஸ் வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் சுகாசினியும் டேனியலும் உட்கார்ந்திருந்தார்கள். மணி மூன்றே முக்கால். சுகாசினி ஓடி வந்தாள்.

"கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுதும்மா. உங்கம்மா கலக்கல. பெட்டிக்குள்ளேயே பிளீச்சிங் இருந்துது. அவங்களுக்குத் தெரியாது. இந்தப் பைக்குள்ள அத்தாட்சி இருக்குது."

சுகாசினி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நான் சொன்னேன்ல? டேனி, நான் சொன்னேன்ல?"

டேனியல் எழுந்திருக்கவில்லை. கமலவேணி அவன் எதிரே போய் நின்றாள். வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வெற்றி தெரிந்திருக்கும். இப்போது கை நீட்டவே மனசில்லை. நீட்டினாள்.

"பெட்டிச் சாவியைக் கொடு தம்பி."

சுகாசினி திரும்பினாள். "எந்தப் பெட்டி?"

டேனியல் பேன்ட் பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்தான். கமலவேணியிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான். பெண்டாட்டியிடம்தான் பேசினான்.

"கேன் வரல சுகா. ரெண்டு மாசமா வரல. இன்னொரு தடவை நாறினா அத்தையை அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அத்தை ராத்திரி சாப்பிடாம படுத்துக்கினாங்க, நீயும் பார்த்த. பிளீச்சிங் தண்ணி ஊத்தினா நாத்தம் போயிடும்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை மூணு பெட்டியிலும் ஊத்தினேன். நாத்தமும் போயிட்டுது. கேன்ல ஒட்டியிருந்த லாவண்டர் வாசனையில பிளீச்சிங் தெரியல. 'என்னாடா, மிஷினு திருந்திடுச்சு'ன்னு அத்தை சிரிச்சாங்க. நான் சொல்லல. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு வீட்டுலகூட சொல்லல."

"அம்மா ஆசிட் ஊத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் சுகாசினி.

"ஆண்டவர் சத்தியமா தெரியாது. மெஷின் வந்ததுலேர்ந்து ஆசிட்டைத் தொட்டதே இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

மரியம்மாள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கமலவேணிக்குப் புரிந்தது. மெஷின் கழுவவில்லை, மஞ்சள் போகவில்லை என்று வெளியே தெரிந்தால், கம்பெனி முதலில் பிடிப்பது மெஷின் பார்க்கும் ஆளைத்தான். மருமகன் வேலை நிலைக்கவேண்டும் என்று மாமியார் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழுவினாள். மாமியார் வேலை நிலைக்கவேண்டும் என்று மருமகன் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஊற்றினான். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்தருக்கொருத்தர் மறைத்தார்கள். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுகாசினியின் முகத்தைப் பார்த்தால், அவளும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தாள் என்று தெரிந்தது.

"சனிக்கிழமை நீதான் கேனை மாத்தினியா?" என்று கேட்டாள் கமலவேணி.

"ஆமா. செத்ததும்தான் கம்பெனி புதுக் கேன் அனுப்புச்சு. பழசைக் கொட்டிட்டேன்."

"அன்னைக்கு அம்மாவைச் சவப்பெட்டியில வச்சிருந்தோம்" என்றாள் சுகாசினி. " நீ ஒரு மணி நேரம் காணோம். பூ வாங்கப் போனேன்னு சொன்ன."

டேனியல் சாவியை இறுகப் பொத்திக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை காலையில அம்மா உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், மத்தியானம் வீட்டுக்கு வந்துடுன்னாங்க."

யேசுதாஸ் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டேனியல் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

கமலவேணி மெதுவாகச் சொன்னாள். "சுகாசினி, மறைச்சு வைக்க நான் சொல்ல மாட்டேன். காட்டுன்னு தள்ளவும் மாட்டேன். புடவையைக் காட்டினா அம்மா பேர் சுத்தமாயிடும். சாவி யார்கிட்ட இருந்துதுன்னு அடுத்த கேள்வி வரும். கேன் அனுப்பாத கம்பெனியைக் கேட்பாங்களா, மேனேஜரைக் கேட்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. டேனியலைக் கண்டிப்பா கேட்பாங்க. கொட்டினதையும் சேர்த்துத்தான் கேட்பாங்க."

"காட்டலன்னா?"

"நாலு மணிக்குக் கையெழுத்து போட்டுடுவாங்க. அவங்க எழுதினபடியே."

வராந்தாவில் பியூன் வந்து நின்று கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"மரியம்மாள் வாரிசு யாரும்மா? ஐயா கூப்பிடறாரு."

டேனியல் எழுந்தான். "நானே போய்ச் சொல்லிடறேன் சுகா. நீ உள்ள வராத."

சுகாசினி அவன் கையைப் பிடித்தாள். பிடித்தது கையை அல்ல. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் தடுக்கவில்லை. முக்கோணச் சாவி அவள் உள்ளங்கைக்கு வந்தது. அதை மஞ்சள் பைக்குள், புடவை மடிப்புக்கு நடுவில் போட்டாள். பையின் காதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சுகா..." என்றான் டேனியல்.

"வேணிம்மா, எதையாவது சொல்லேன் அந்தப் பொண்ணுகிட்ட" என்றான் யேசுதாஸ், கமலவேணிக்கு மட்டும் கேட்கும்படி.

கமலவேணி படியிலிருந்து விலகி வழிவிட்டாள்.

சுகாசினி முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தாள். புருஷனையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. பையை முன்னால் ஏந்தியபடி படியேறி, பியூன் விலக்கிப் பிடித்த கதவுக்குள் போனாள்.